வாத்தியாருக்கு டிகிரி உண்டா?

இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசிய ஒருவர் ஜப்பானில் முதன்முதலாக வாத்தியார் வேலை பார்த்தது 1848ல். பள்ளிக்கூடம் எது தெரியுமா? நாகசாகியில் அவரைப் பூட்டி வைத்திருந்த அறை!

அவர் பெயர் ரனால்ட் மெக்டொனால்ட். பர்கர் கடைக் கோமாளிக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. அப்பா ஸ்காட்லாந்துக்காரர். அம்மா, அமெரிக்காவின் மேற்குக் கரையில் சினூக் பழங்குடித் தலைவரின் மகள். பையனை ஒரு பாங்கில் கிளார்க் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். லெட்ஜர் பிடிக்கவில்லை. ஓடிப்போய் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிவிட்டார். அந்நியர்களுக்கு ஜப்பான் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம் அது. இவர் கப்பலிலிருந்து ஒரு சின்னப் படகில் இறங்கி, அதை வேண்டுமென்றே கவிழ்த்து, விபத்தில் தப்பித்தவன் மாதிரி ரிஷிரி என்ற வடக்குத் தீவில் கரையேறினார்.

பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அடைத்த கையோடு அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேரை அவரிடம் பாடம் படிக்கவும் அனுப்பினார்கள். அவர்களுக்கு டச்சு தெரியும். ஆனால் கடலில் சுற்றிக்கொண்டிருந்த கப்பல்களில் பேசிய பாஷை இங்கிலீஷ். ஒவ்வொருவராக உரக்க வாசிப்பார்கள், இவர் உச்சரிப்பைத் திருத்துவார். சுமார் ஏழு மாதம் இப்படிப் போனது. 1849ல் அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்து இவரை அழைத்துப் போய்விட்டது. ஐந்து வருஷம் கழித்து கமடோர் பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு வந்து ஒப்பந்தம் பேசினாரே, அப்போது ஜப்பான் தரப்பில் மொழிபெயர்த்தவர்களில் முக்கியமானவர் மொரியாமா எய்நோசுகே. மெக்டொனால்டின் மாணவர்.

டிகிரி? கிடையாது. டீச்சர் டிரெய்னிங்? அதுவும் கிடையாது. விசா? கேட்காதீர்கள். இன்றைக்கு ரிஷிரியிலும் நாகசாகியிலும் அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம், எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடிப் பையன். இன்ஜினியரிங் முடித்தான் என்று சொல்ல முடியாது. ஏழு அரியர். இரண்டு வருஷம் கால் சென்டரில் ராத்திரி வேலை பார்த்ததில் இங்கிலீஷ் மட்டும் பிரமாதமாக வந்துவிட்டது. போன வருஷம் ஒருநாள் லிஃப்டில் மடக்கினான். “அங்கிள், கம்போடியாவுல இங்கிலீஷ் டீச்சர் வேலை. டிகிரி வேணாமாம். ஒரு ஏஜென்ட் ஒண்ணரை லட்சம் கேக்கறார். அம்மா வளையலை வைக்கிறேங்கறாங்க. போலாமா?”

லிஃப்ட் நான்காவது மாடிக்குப் போவதற்குள் சொல்லக்கூடிய பதிலா இது? “ஞாயித்துக்கிழமை வாடா” என்றேன். அவனிடம் சொன்னதையெல்லாம் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

முதலில் சட்டம். மெக்டொனால்ட் இன்று ஜப்பானில் மொழி வாத்தியாராக வேலை விசா கேட்டால் டிகிரியைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துறையில் மூன்று வருஷ அனுபவத்தைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். 1987ல் தொடங்கிய ‘ஜெட்’ என்கிற அரசாங்கத் திட்டத்தில் டிகிரி இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. தென்கொரியாவில் இ-2 என்று ஒரு விசா. அதற்கும் டிகிரி வேண்டும். சீனா 2017ல் விதிகளை இறுக்கிவிட்டது: டிகிரி, அதோடு இரண்டு வருஷ அனுபவம் அல்லது 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ். வியட்நாமிலும் தாய்லாந்திலும் முறையாகப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் ஏறக்குறைய இதே கதை.

என்ன டிகிரி என்று கேட்டால்தான் வேடிக்கை. பெரும்பாலான இடங்களில் எதுவானாலும் சரி! புவியியலா, சரி. மீன்வளமா, சரி. நான் பி.காம். மூன்று வருஷம் டெபிட், கிரெடிட், காஸ்ட் அக்கவுன்டிங் படித்தேன். டிகிரியை மட்டும் பார்த்தால், கொரியக் குழந்தைகளுக்கு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுக்க என் காஸ்ட் அக்கவுன்டிங் போதும். ஆனால் இன்னொன்றையும் பார்ப்பார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா. கொரியாவின் பட்டியலில் இந்த ஏழு நாட்டு பாஸ்போர்ட்தான். 2010ல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரிய ஒப்பந்தத்தில், ஆசிரியர் பயிற்சி முடித்த நம்மவர்கள் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஷேக்ஸ்பியரில் டாக்டர் பட்டம் வாங்கிய திருச்சிப் பேராசிரியர் அந்த ஜன்னல் வழியாகக் குனிந்துதான் போக வேண்டும். டெக்சாஸில் மண்ணியல் படித்த இருபத்திரண்டு வயதுப் பையன் வாசல் வழியாகவே போகலாம்.

சரி, டிகிரியை ஏன் கேட்கிறார்கள்? விசா ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வகுப்பை வந்து பார்க்க முடியாது. காகிதத்தைத்தான் பார்க்க முடியும். ஃபைலில் நூலால் கட்டக்கூடிய ஒன்று அவருக்குத் தேவை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கொரியாவில் பாடம் நடத்திய கனடாக்காரர் ஒருவர் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்காக இன்டர்போல் தேடி, 2007 அக்டோபரில் தாய்லாந்தில் பிடிபட்டார். அதன்பிறகு கொரியா வாத்தியார்களிடம் போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் கேட்க ஆரம்பித்தது. குழந்தைகள் விஷயம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் போலீஸ் சான்றிதழ் எதைக் காட்டுகிறது என்பது புரிகிறது. டிகிரி எதைக் காட்டுகிறது?

அதே 2007ல் அதே கொரியாவில் இன்னொரு கூத்து. யேல் பல்கலைக்கழக டாக்டர் பட்டம் என்று பொய் சொன்ன ஒரு பெண் பேராசிரியரின் குட்டு உடைந்தது. அதைத் தொடர்ந்து பிரபலங்களின் பட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். மாட்டியவர்களில் ஒருவர், ரேடியோவில் பல வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த தொகுப்பாளினி. இங்கிலாந்தில் வாங்கியதாகச் சொன்ன பட்டம் அவரிடம் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். பொய் சொன்னது தப்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தனை வருஷம் காலையில் ரேடியோவைத் திருப்பி அவரிடம் கற்றுக்கொண்டவர்களின் இங்கிலீஷ் அன்று ராத்திரியே மறந்தா போயிருக்கும்?

இனி கம்போடியா. பையன் சொன்னது பொய் இல்லை. அங்கே டிகிரி கேட்காமல் வேலை கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. 2019ல் ஒரு பத்திரிகை வேலையாகப் புனோம் பென் போயிருந்தபோது அப்படி ஒரு வாத்தியாரின் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

வடக்கு இங்கிலாந்துக்காரர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிளம்பர் ஆனவர். விவாகரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பி, சுற்றிப் பார்க்க வந்து, இங்கேயே தங்கிவிட்டார். மணிக்குப் பன்னிரண்டு டாலர் சம்பளம். (அங்கே கடைத்தெருவிலேயே டாலர் புழங்குகிறது. சில்லறைக்கு மட்டும்தான் உள்ளூர் ரியல்.) அன்றைக்கு அவர் பையில் ஒரு துருப்பிடித்த குழாய் இருந்தது. மேஜைமேல் வைத்தார். டர்ன் ஆன், டர்ன் ஆஃப், டர்ன் அப், டர்ன் டவுன் என்று ஒரே டர்னை வைத்து நாற்பது நிமிஷம் ஓட்டினார். பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை அந்தக் குழாயைத் திருகி வாக்கியம் சொன்னார்கள். ஒருத்தி, ‘என் அண்ணன் கல்யாணத்துக்கு டர்ன் அப் ஆகவில்லை’ என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு எங்கள் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் ஞாபகம் வந்தது. அவர் எம்.ஏ., பி.எட். டர்ன் அப் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொல்லியிருப்பார்.

பிளம்பருக்கு இது எப்படி வந்தது? “ஊரில் பத்து வருஷம் கத்துக்குட்டிகளை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். கையில் சாமானைக் கொடுக்காமல் எதையும் கற்றுத்தர முடியாது” என்றார்.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் வகுப்பு முடியும்போது ஒரு பையன் எழுந்து, ‘நேற்று நான் போயிருக்கிறேன்’ என்பதை இங்கிலீஷில் அப்படியே சொன்னால் ஏன் தப்பு என்று கேட்டான். நம்மவர் தலையைச் சொறிந்தார். “காதுக்குத் தப்பாப் படுது, அவ்வளவுதான்.” பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பிலிப்பைன்ஸ் டீச்சரம்மாவைக் கூப்பிட்டார். அந்தம்மா வந்தார், போர்டில் ஒரு கோடு போட்டார். முடிந்துபோன நேரம் இந்தப் பக்கம், இன்னும் முடியாத நேரம் அந்தப் பக்கம். இரண்டு நிமிஷம். பையன் முகத்தில் பல்பு எரிந்தது. முறையாகக் கல்வியியல் படித்து, அவர்கள் நாட்டு ஆசிரியர் தேர்வும் பாஸ் செய்தவர். சம்பளம் மணிக்கு ஆறு டாலர்.

அதை என்னிடம் சொன்னது பிளம்பர்தான். சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். அந்தக் கட்டடத்தில் சம்பளத்தை நிர்ணயித்தது டிகிரி இல்லை, திறமையும் இல்லை. வகுப்பில் வெள்ளைக்காரர் நிற்கிறார் என்று பெற்றோருக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். டிகிரி வேண்டாம் என்று விளம்பரம் வந்தால், அதற்குப் பதிலாக வேறு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்த ஊரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1975லிருந்து 79 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவர்களையே தேடித் தேடிக் கொன்ற நாடு. (அந்த ஆட்சியின் தலைவர் போல் பாட்டும் ஒரு வாத்தியார்! பாரிஸில் பரீட்சைகளில் தோற்று, பட்டம் இல்லாமல் திரும்பி, புனோம் பென்னில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தியவர். டிகிரி இல்லாத வாத்தியார் எல்லாரும் நல்லவர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) அதற்குப் பிறகு எண்பதுகளில் வியட்நாம் ஆதரவு அரசு இங்கிலீஷ் படிப்பதையே தடை செய்திருந்தது. வீடுகளில் ஒளிந்து ஒளிந்து படித்தார்கள். தொண்ணூறுகளில் ஐ.நா. படையும் தொண்டு நிறுவனங்களும் வந்து இறங்கின. பிரெஞ்சில் பாடம் நடத்தினால் படிக்க மாட்டோம், இங்கிலீஷ்தான் வேண்டும் என்று மாணவர்கள் போராடினார்கள். 1999ல் ஆசியான் கூட்டமைப்பில் சேர்ந்தபோது, அதன் அலுவல் மொழி இங்கிலீஷ். அவ்வளவு பசி உள்ள இடத்தில் சமைக்கத் தெரிந்தவனா என்று எத்தனை பேர் கேட்பார்கள்?

பிளம்பரின் வாழ்க்கைக் கணக்கையும் பார்த்துவிடலாம். பி.காம். புத்தி போகாது. வகுப்பு எடுத்தால்தான் காசு. ஏப்ரலில் நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. லீவு, சம்பளம் இல்லை. புரட்டாசி சமயத்தில் நம் மகாளய பட்சம் மாதிரியே பதினைந்து நாள் பித்ருக்களுக்குப் படையல், ‘பிச்சும் பென்’. அப்போதும் சில நாள் லீவு, சம்பளம் இல்லை. பி.எஃப். கிடையாது. பக்கத்து வியட்நாமில் இரண்டு மடங்கு சம்பளம் என்று தெரியும், போக முடியாது. டிகிரி வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். ஒரே நாளில் வருமானம் பூஜ்யம். டிகிரி கேட்காத ஒரு சின்ன கம்பெனி மூலம் இன்டர்நெட்டில் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துச் சமாளித்தார். 2021 ஜூலையில் சீன அரசாங்கம் டியூஷன் தொழிலையே முடக்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார்களை வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதும் நின்றது. மறுபடியும் பூஜ்யம். இப்போது பள்ளிக்குத் திரும்பிவிட்டார். கூடவே ஊரில் உள்ள திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாராம். சரித்திரம். குழாய்க்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மெயிலில் கேட்டேன். ‘விசா ஆபீஸில் அதைக் கேட்க மாட்டார்கள்’ என்று பதில் வந்தது.

டிகிரி இருந்தால் மட்டும் எல்லாம் சுகம் என்றும் இல்லை. ஜப்பானின் மிகப் பெரிய இங்கிலீஷ் பேச்சுப் பள்ளியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் திவால். சுமார் 4,000 வெளிநாட்டு வாத்தியார்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். சம்பளத்தில் வீட்டு வாடகையைப் பிடித்துக்கொண்ட கம்பெனி, அதை வீட்டுக்காரர்களுக்குக் கட்டாமல் விட்டதால் சிலர் வீட்டையும் இழந்தார்கள். தொழிற்சங்கம் ‘சாப்பாடு போட்டால் பாடம்’ என்று ஏற்பாடு செய்ய வேண்டிய அளவுக்குப் போனது. வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில் இருக்கக் கூடாது என்பதை இரண்டாவது மாடிப் பையனுக்கு அடிக்கோடு போட்டுச் சொன்னேன்.

அவன் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்லதாகப் போயிற்று.

“ஏஜென்ட் என்ன விசான்னு சொன்னார்?”

“டூரிஸ்ட் விசால போய் அங்க மாத்திக்கலாமாம் அங்கிள்.”

“ஸ்கூல் பேர்?”

“அது பாங்காக் போனப்புறம் சொல்வாங்களாம்.”

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பெயர் சொல்லாத பள்ளிக்கூடம், கம்போடியா வேலைக்கு பாங்காக் வழி. 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று. அடுத்த மாதமே அப்படி மாட்டிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலிருந்து மட்டும் சுமார் 250 இந்தியர்களை மீட்டிருப்பதாக 2024ல் அதே அமைச்சகம் சொன்னது. அந்தக் கும்பல்களுக்கு யார் தேவை தெரியுமா? கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் தெரிந்த, வேலை கிடைக்காத இளைஞர்கள். எங்கள் இரண்டாவது மாடிப் பையனை அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அந்த ஏஜென்ட் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இ-மைக்ரேட் என்ற அரசாங்கத் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் உண்டு. பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டாலே அது வேறு கணக்கு. பட்டியலில் தேடினோம். அவர் பெயர் இல்லை. வளையல் கைக்குத் திரும்பியது. இன்னும் அடகுக்கடைக்கே போகவில்லை என்பதால் கையிலேயே இருந்தது என்றும் சொல்லலாம்.

“அப்ப எனக்கு வழியே இல்லையா அங்கிள்?”

இருக்கிறது, ஆனால் சுற்று வழி. கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா என்று ஒரு பயிற்சி. நாலைந்து வாரம், சுமார் 120 மணி நேரம். டிகிரி கட்டாயம் இல்லை, கல்லூரியில் சேரும் அளவுக்குப் படித்திருந்தால் போதும். ஆனால் இங்கிலீஷ் நன்றாக இருக்க வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டு. மலிவும் இல்லை. அதன் உயிர் எதில் இருக்கிறது என்றால், நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று ஆறு மணி நேரம் பாடம் எடுத்தாக வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். இன்டர்நெட்டில் வார இறுதியில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சான்றிதழ்களில் இந்த ஆறு மணி நேரம் இருக்காது. பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அந்த ஆறு மணி நேரத்துக்கு முன்னால், சும்மாவாவது பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார் என்றேன். பிடிக்கிறதா என்றாவது தெரியும். தெரு முனையில் நர்ஸிங் முடித்த பெண்கள் வெளிநாடு போகப் படிக்கும் ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது. நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவத் துறைக்காரர்களுக்கென்றே ஓ.இ.டி. என்று ஓர் ஆங்கிலத் தேர்வு. அதில் நோயாளியோடு பேசுகிற மாதிரி ஒரு பகுதி உண்டு. அதற்குச் சாயங்கால பேட்ச் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டான். டிகிரி இல்லாத வாத்தியார், அத்தனை பேரும் டிகிரி வாங்கிய மாணவிகள். இவன் நோயாளியாக நடிக்கிறானாம். கால் சென்டரில் இரண்டு வருஷம் வசவு வாங்கிய அனுபவத்தில், கோபக்கார நோயாளி வேஷம் தத்ரூபமாக வருகிறதாம்.

ஏழு அரியரில் இரண்டை முடித்துவிட்டான். போன வாரம் லிஃப்டில் மறுபடி மடக்கினான். “அங்கிள், வயித்து வலிக்கு ‘ஏக்’கும் தலைவலிக்கு ‘ஏக்’கும் ஓகே. முட்டி வலிக்கு மட்டும் ஏன் ‘பெயின்’னு ஒரு பொண்ணு கேக்கறா. என்ன சொல்றது?”

எனக்குத் தெரியவில்லை. பிலிப்பைன்ஸ் டீச்சரம்மாவைக் கேட்டுச் சொல்லும்படி பிளம்பருக்கு மெயில் போட்டிருக்கிறேன்.